நேற்றைய ஆடம்பரம், இன்றைய அன்றாடம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். படிவம் ஒன்றில் படிக்கும் என் அக்கா மகனும் கூட வந்தான். பெரியவர்கள் இன்றும் 'கடைத்தெரு' என்று சொல்லும் லெபோ பசாரில் மளிகைக் கடை ஒன்றில் அக்கா எழுதிக் கொடுத்த சாமான்களை வாங்கினோம். மிளகு நூறு கிராம், ஜாதிக்காய் இரண்டு, சீனி இரண்டு கிலோ. பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணிக்கொண்டே, "இந்தப் பையில் இருப்பதற்காக ஒரு காலத்தில் ராஜாக்கள் கப்பல் அனுப்பினார்கள், சண்டை போட்டார்கள், தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் பையைத் தூக்கிப் பார்த்தான். "இதுக்குப் போயா, மாமா?" என்றான்.

நியாயமான கேள்விதான். நாம் அன்றாடம் கை நீட்டி எடுத்துக்கொள்ளும் எத்தனையோ பொருள்கள் ஒரு காலத்தில் அரண்மனைகளிலும் செல்வந்தர் வீடுகளிலும் மட்டுமே இருந்தன. அவை எப்படி எல்லார் வீட்டுக்கும் வந்தன? தானாக வந்துவிட்டனவா? அன்று வெயிலில் அவனோடு நடந்துகொண்டே நான் சொன்னவற்றை இங்கே மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மிளகு: தங்கம் கொடுத்து வாங்கிய காரம்

முதலில் மிளகு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் சேர நாட்டின் முசிறித் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாக வந்து மிளகு வாங்கினார்கள். யவனர்களின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை நம் அகநானூறும் குறிப்பிடுகிறது. கி.பி. 408ஆம் ஆண்டில் அலாரிக் என்ற கோத் இனத் தலைவன் ரோம் நகரை முற்றுகையிட்டான். முற்றுகையை விலக்கிக்கொள்ள அவன் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

மிளகு ஏன் அவ்வளவு விலை விற்றது? அந்தக் கொடி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக் காட்டுக்கு உரியது. ஐரோப்பாவின் குளிரில் அது வளராது. கடலிலும் பாலைவனத்திலும் பல வியாபாரிகளின் கை மாறித்தான் அது அங்கே போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கையும் தன் பங்கு இலாபத்தை விலையில் ஏற்றியது. இடைத்தரகர்கள் இல்லாமல் நேராக வாங்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் 1498இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதின்மூன்றே ஆண்டுகளில், 1511இல், போர்த்துக்கீசியர்கள் மலாக்காவையும் பிடித்துக்கொண்டார்கள்.

நம் பினாங்கின் கதையிலும் மிளகுக்கு இடம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கால் வைத்த பிறகு, தொடக்க ஆண்டுகளில் இங்கே பயிரிடப்பட்ட முக்கியமான பொருள்களில் ஒன்று மிளகு. சுமத்ராவிலும் பிற இடங்களிலும் மிளகுத் தோட்டங்கள் பெருகின. விளையும் இடங்கள் கூடக் கூட விலை இறங்கியது. மன்னர்கள் கணக்குப் பார்த்துச் செலவழித்த மிளகு, ரசத்துக்குத் தட்டிப் போடும் பொருளாக உலகம் முழுவதும் ஆகிவிட்டது.

ஜாதிக்காய்: ஒரு தீவுக்காக இன்னொரு தீவு

கடையை விட்டு வெளியே வந்ததும் மருமகனுக்குத் தாகம். பினாங்கில் தாகத்துக்கு ஜாதிக்காய்ச் சாறு இருக்கவே இருக்கிறது. அசாம் போய் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டான்.

அவன் குடித்தது ஜாதிப் பழத்தின் சதையிலிருந்து எடுத்த சாறு. பழத்தைப் பிளந்தால் உள்ளே சிவப்பு வலை போல் ஒன்று கொட்டையைச் சுற்றியிருக்கும். அது ஜாதிபத்திரி. அதற்குள் இருப்பதுதான் ஜாதிக்காய். பல நூறு ஆண்டுகள் உலகம் விலை கொடுத்து வாங்கியது இந்தக் கொட்டையையும் பத்திரியையும்தான். சதைப் பகுதியை ஊறுகாயாகவும் சாறாகவும் இனிப்பாகவும் ஆக்கித் தின்பது விளையும் ஊர்க்காரர்களுக்கே உரிய சலுகை.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஜாதிக்காய்க்கு உலகில் பெரும்பாலும் ஒரே ஊற்று, இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். வரைபடத்தில் தேடிப் பார்த்தால் சில புள்ளிகளாகத்தான் தெரியும். கொள்ளைநோய் வராமல் ஜாதிக்காய் காக்கும் என்று ஐரோப்பியர்கள் நம்பியதால் அதன் விலை ஏறிக்கொண்டே போனது. 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை யான் பீட்டர்சூன் கூன் தலைமையில் பண்டா தீவுகளைக் கைப்பற்றியது. தீவு மக்களில் பெரும்பாலோர் வாளுக்கும் பட்டினிக்கும் இரையானார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் அடிமைகளாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

அந்தத் தீவுகளில் 'ருன்' என்ற சின்னஞ்சிறு தீவுக்கு மட்டும் ஆங்கிலேயர்கள் உரிமை கோரி வந்தார்கள். 1667இல் பிரெடா நகரில் உடன்பாடு ஏற்பட்டது. ருன் தீவு டச்சுக்காரர்களுக்கு என்றும், அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்திருந்த டச்சுக் குடியேற்றம் ஆங்கிலேயர்களுக்கே என்றும் முடிவானது. அந்தக் குடியேற்றம் இருந்த தீவின் பெயர் மன்ஹாட்டன். இன்றைய நியூயார்க் நகரத்தின் நடுப்பகுதி!

"அப்படின்னா டச்சுக்காரங்க ஏமாந்துட்டாங்களா?" என்று கேட்டான் மருமகன்.

அன்றைய கணக்கில் இல்லை. ஜாதிக்காய் வேறெங்கும் விளையாத வரை அவர்கள் கையில் இருந்தது தங்கச் சுரங்கம். விற்கும் கொட்டைகள் எங்கேயும் முளைத்துவிடக் கூடாது என்று அவற்றைச் சுண்ணாம்பில் தோய்த்தே அனுப்பினார்கள். அப்படியும் இரகசியம் நிலைக்கவில்லை. முதலில் பிரெஞ்சுக்காரர்கள் நாற்றுகளைக் கடத்தி மொரீசியஸ் தீவில் நட்டார்கள். பிறகு 1796இல் ஆங்கிலேயர்கள் மொலுக்காஸ் தீவுகளைக் கைப்பற்றினார்கள். கிறிஸ்டபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் அங்கிருந்து ஆயிரக்கணக்கான ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளை அனுப்பினார். அவை வந்து இறங்கிய இடம் நம் பினாங்கு.

ஜாதி மரம் வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் எது எதுவென்று தெரியும். அந்தக் காத்திருப்பையும் தாண்டிப் பினாங்குத் தோட்டங்கள் செழித்தன. ஆனால் 1860ஆம் ஆண்டை ஒட்டி மரங்களில் நோய் பரவித் தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயின. பிறகு மீண்டும் நட்டவர்கள் இருந்ததால்தான் பாலிக் பூலாவ் பக்கம் இன்றும் ஜாதி மரங்களைப் பார்க்க முடிகிறது. இந்தப் பட்டுப்போன கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஐஸ்: மரத்தூளில் பயணம் செய்த குளிர்

அடுத்து செண்டோல். லெபோ கெங் குவீ சந்தில் வரிசையில் நின்று வாங்கினோம். ஒரு கிண்ணத்தில் எத்தனை பொருள்கள்! தேங்காய்ப்பால், கூலா மலாக்கா, சிவப்பு அவரை, பாண்டான் வாசத்தோடு பச்சை நூல் நூலாகச் செண்டோல், மேலே சீவிய ஐஸ். இதில் எது அரிய பொருளாக இருந்திருக்கும் என்று கேட்டேன். கூலா மலாக்கா என்றான். அது நம் பக்கத்து மரங்களிலிருந்தே வந்தது. அரிய பொருள், அவன் ஸ்பூனால் ஓரமாகத் தள்ளி வைத்திருந்த ஐஸ்தான்.

வெப்ப நாட்டில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? அமெரிக்காவின் போஸ்டன் நகரைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி ஒரு வழி கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் அங்குள்ள குளங்கள் உறைந்துவிடும். அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றினார். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து அது போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் பனி மிஞ்சியிருந்தது!

அறிவியல் பாடத்தில் வெப்பக் கடத்தல் படிப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மரத்தூளின் துகள்களுக்கு இடையில் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பாளங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினால் காற்றுபடும் பரப்பும் குறையும். குப்பையென்று ஒதுக்கிய மரத்தூளும் சரியாக அடுக்கும் முறையும் சேர்ந்து ஒரு பெரிய வணிகத்தையே உண்டாக்கின.

சென்னைக்குச் சுற்றுலா போகிறவர்கள் மெரினா கடற்கரை எதிரே விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து வந்த பனியைச் சேமித்து வைக்க 1842இல் டியூடர் கம்பெனி கட்டியது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால்தான் அது பிற்காலத்தில் அவர் பெயரைப் பெற்றது. அந்தக் காலத்தில் அந்த ஐஸை வாங்கியவர்கள் துரைமார்களும் பெரும் பணக்காரர்களும்தான்.

பனியைக் கொண்டுவராமல் செய்தே விட முடியாதா என்று யோசித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த ஜான் கோரி. அவர் ஒரு மருத்துவர். காய்ச்சலில் துடிக்கும் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். ஆனால் முதலீடு செய்ய ஆள் கிடைக்காமல், 1855இல் வெற்றியைப் பார்க்காமலேயே இறந்தார். அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹாரிசன், கார்ல் லிண்டே போன்றவர்கள் குளிர்பதன இயந்திரங்களை மேம்படுத்தினார்கள். திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதே அடிப்படை. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இன்றுவரை அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. ஊருக்கு ஊர் ஐஸ் ஆலை வந்ததும் பனிக் கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போனது.

அலுமினியம்: இருபத்திரண்டு வயதுக்காரர்கள்

செண்டோல் போதாதென்று மருமகன் ஒரு டின் பானமும் வாங்கினான். குடித்து முடித்ததும் டின்னைக் கையால் நசுக்கிக் குப்பைத் தொட்டியில் எறியப் போனான். "கொஞ்சம் பொறு, பிரான்ஸ் பேரரசர் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்" என்றேன்.

பூமியின் மேலோட்டில் அலுமினியத்தைவிட அதிகமாக உள்ள உலோகம் வேறு கிடையாது. அப்படியிருந்தும் 1825 வரை ஒருவராலும் அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. அது ஆக்சிஜனோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கும். மிகுந்த செலவில் கொஞ்சம் கொஞ்சமாகவே கிடைத்ததால் அது விலையுயர்ந்த உலோகமாக இருந்தது. 1855இல் பாரிஸ் பொருட்காட்சியில் அலுமினியக் கட்டிகளை அதிசயமாகக் காட்சிக்கு வைத்தார்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தம் மிக முக்கிய விருந்தினர்களுக்கு மட்டும் அலுமினியக் கரண்டிகளை வைத்தார், மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டிதான் என்று ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தபோது, 1884இல், அதன் உச்சியில் வைக்கத் தேர்ந்தெடுத்த உலோகம் அலுமினியம். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் போல் எரூ. இருவரும் 1863இல் பிறந்தவர்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் 1886இல் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். அலுமினிய ஆக்சைடை உருக்க 2,000 டிகிரிக்கும் மேல் வெப்பம் தேவை. அதைக் கிரையோலைட் என்ற தாதுவை உருக்கிய குழம்பில் கரைத்தால் ஏறக்குறைய 1,000 டிகிரியே போதும். பிறகு மின்சாரத்தைச் செலுத்தினால் அலுமினியம் பிரிந்து அடியில் தங்கும். கல்லூரியை விட்டு வெளியேறி ஓராண்டுகூட ஆகாத ஹால், தம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான் சோதனை செய்தார். வேதியியல் படித்த அவருடைய அக்கா ஜூலியா உடனிருந்து உதவினார். அப்போது ஹாலுக்கு வயது 22.

இன்று நாம் அலுமினியத்தை நசுக்கி எறிகிறோம். ஆனால் தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் இருபதில் ஒரு பங்கே, பழைய டின்னை உருக்கி மறுபடி பயன்படுத்தத் தேவைப்படுகிறது. எனவே அந்த டின் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் மறுசுழற்சித் தொட்டிக்குப் போனது.

சீனி: விலைச்சீட்டில் இல்லாத கணக்கு

இனி பையில் மிச்சமிருப்பது சீனி. அரசாங்கம் விலை வரம்பு வைத்திருப்பதால் சாதாரணச் சீனி ஒரு கிலோ மூன்று வெள்ளிக்கும் குறைவு. பையிலேயே மலிவான பொருள் அதுதான். ஆனால் நம்மவர்கள் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலையை உலகுக்குக் கொடுத்தது இந்தியா. ஆங்கிலத்தில் 'சுகர்' என்பதும் தமிழில் 'சர்க்கரை' என்பதும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொற்கள். இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை மருந்துக் கடைகளில் எடை போட்டு விற்கப்பட்டது. செல்வந்தர்கள் மட்டுமே அதிகம் தின்ன முடிந்தது. 1598இல் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தைப் பார்த்த ஹென்ஸ்னர் என்ற ஜெர்மானியப் பயணி, அரசியின் பற்கள் கறுத்திருந்ததைக் குறிப்பிட்டு, சர்க்கரை அதிகம் உண்பதே காரணம் என்று எழுதிவைத்தார்.

பிறகு அது எப்படி மலிந்தது? அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தோட்ட முதலாளிகளுக்கு வேறு ஆள்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் கண் இந்தியாவின் பக்கம் திரும்பியது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் பகுதிக்கு அன்று வெல்லஸ்லி மாநிலம் என்று பெயர். அங்கே சீனர்கள் முன்பே கரும்பு பயிரிட்டு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய முதலாளிகளின் பெரிய கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் சதுப்பு நிலத்தைத் திருத்தவும், வாய்க்கால் வெட்டவும், கரும்பு அறுக்கவும், ஆலையில் பாகு காய்ச்சவும் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். கப்பல் கட்டணமே கடனாகத் தலையில் ஏறியது. அந்தக் கடன் தீரும் வரை ஒப்பந்தக் கூலியாக உழைக்க வேண்டும். இடையில் தோட்டத்தை விட்டு ஓடினால் தண்டனை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரைத் திரும்பி வரவிடாமல் செய்தன. 1910இல்தான் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது.

நிபோங் திபால் அருகே காலிடோனியா தோட்டத்தில் சிதைந்து நிற்கும் '99 கதவு மாளிகை'யைப் பற்றி இளைஞர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேய் வீடு என்று சொல்லிப் படம் பிடிக்கப் போகிறவர்களும் உண்டு. அது தோட்ட முதலாளி குடும்பத்தின் மாளிகை. அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் கரும்பு வெட்டியவர்களின் வீடுகளில் ஒன்றுகூட அப்படி நிலைத்து நிற்கவில்லை. அடுத்த முறை அங்கே போனால், மாளிகையைப் படம் எடுத்த பிறகு அந்த மண்ணையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

இதைச் சொன்னபோது மருமகன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சீனிப் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

கைநாட்டுப் போட்ட பாட்டி

அப்போது அவனிடம் இன்னொன்றையும் சொன்னேன். இந்தப் பட்டியலில் அவன் தோளில் தொங்கும் பள்ளிப் பையையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. எல்லா இனப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் பள்ளி என்பதே பெயரில் உள்ள 'பிரீ' என்பதன் பொருள். அந்தப் பள்ளியில்தான் மலாயாவின் முதல் தமிழ் வகுப்பும் தொடங்கியது. அதைக் கணக்கிட்டுத்தான் 2016இல் நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் 200ஆவது ஆண்டைக் கொண்டாடினோம்.

ஆனால் வகுப்பு தொடங்கியதாலேயே எல்லாரும் படித்துவிடவில்லை. தோட்டங்களில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், பத்து வயதில் வேலைக்குப் போகவும் வேண்டியிருந்தது. 1912இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் ஒரு கொட்டகையே பள்ளி. கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர்.

செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்கு அதுவும் வாய்க்கவில்லை. சம்பளப் பட்டியலில் கடைசி வரை கைநாட்டுதான். மாலையில் லயத்து வாசலில் ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிப்பார், பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று பாட்டி சொல்லுவார். படிக்கத் தெரிந்த அந்த ஒருவருக்குக் காப்பித் தண்ணி முதலில் கொடுப்பார்களாம். எழுத்தறிவு அந்த லயத்தில் அப்படிப்பட்ட ஆடம்பரம். பாட்டி தம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப இரண்டு மைல் நடந்து கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் என் அம்மா. மருமகனுக்குப் பாட்டி.

பதினைந்து பேர்

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு காரணம் இருந்தது. மருமகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, இவ்வாண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போயிருக்கிறான். நம் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அவன் பள்ளியில் 13 பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். கொடுக்காதவர்களில் இவனும் ஒருவன். மதியம் தங்கிப் படிக்க வேண்டுமே என்ற சலிப்பு. கேட்டபோது, "தமிழ் எங்க போயிடப் போகுது, மாமா? எப்பவும் இருக்கும்தானே" என்றான்.

ஜாதி மரங்களும் எப்போதும் இருக்கும் என்றுதான் பினாங்குக்காரர்கள் நினைத்திருப்பார்கள். அரிதாக இருந்த ஒன்று அன்றாடப் பொருளாவதற்கு நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு ஆகிறது. யாரோ நாற்றைச் சுமக்கிறார்கள், யாரோ கொட்டகையில் கண் விழித்துச் சோதனை செய்கிறார்கள், யாரோ சதுப்பில் நின்று கரும்பு வெட்டுகிறார்கள். ஆனால் அன்றாடமாக இருப்பது மறுபடி அரிதாவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஒரு தலைமுறை கவனிக்காமல் விட்டாலே போதும். வகுப்பு ஓராண்டு நடக்காவிட்டால் அடுத்த ஆண்டு பெயர் கொடுக்க வருகிறவர்கள் இன்னும் குறைவார்கள். பிறகு அங்கே ஒரு காலத்தில் தமிழ் வகுப்பு இருந்தது என்று நம்மைப் போல் யாராவது கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

மாணவர்களே, எல்லாவற்றையும் நினைத்து உருகிக்கொண்டே சீனி போட்ட தேநீர் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் எளிதாகக் கிடைப்பது எப்படிக் கிடைத்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பொருளை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எப்போது மலிந்தது என்று தேடி எழுதுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் சின்ன வயதில் எது ஆடம்பரம் என்று கேளுங்கள். தீபாவளிக்கு மட்டும் கிடைத்த கோழிக்கறி, அக்கம்பக்கத்தார் அனைவரும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்த தொலைக்காட்சி என்று புத்தகத்தில் இல்லாத எவ்வளவோ பதில்கள் கிடைக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகன் அதிகம் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தார். தமிழ் வகுப்புக்கான விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து கையொப்பம் கேட்டானாம்.

இப்போது 14 பேர். இன்னும் ஒரு பெயர் வேண்டும். தன் வகுப்பில் யாரைக் கேட்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பட்டியல் ஒரு பெயருக்காகக் காத்திருக்கலாம். நாளைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.